சாரம் சீற்றில், மாமி கரியரில்

ஹஜ்ஜுக்குப் போகிறவர் விமானம் ஏறுவதற்கு முன்னால் இன்னொரு பயணம் போய் முடிக்க வேண்டும். சொந்தபந்தம் இருக்கிற வீடெல்லாம் ஏறி இறங்கி, "தெரிஞ்சோ தெரியாமலோ நான் செஞ்ச பிழையெல்லாம் பொறுத்துக்கங்க" என்று மாப்புக் கேட்க வேண்டும். கேட்கப்பட்டவர் "பொறுத்தன்" என்று வாயால் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் அது முடியாமல் யாரும் புறப்படுவதில்லை. மக்கத்துப் பயணத்தைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் எழுதுவது, என் மனைவியின் தாயான மாமியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மருதமுனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் போன அந்த முதல் பயணத்தை. மூன்று நாள் பயணம். நினைத்தால் இன்றைக்கும் வெட்கக்கேடுதான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. வெளிநாட்டுச் சாமான் கப்பல் கப்பலாக வந்து இறங்கத் தொடங்கிய காலம். நானும் கல்முனையில் ஒருவரிடம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கியிருந்தேன். இரண்டு பக்கமும் சைலன்சர். வெயிலில் நிறுத்தினால் கண் கூசும். எங்கள் ஊர்த் தறியில் நெய்த, ஆண்கள் இடுப்பில் உடுத்துகிற சாரங்களை மூட்டை கட்டி, தெற்கே உள்ள கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் என் தொழில். வண்டியைத் துடைப்பதில் எனக்கு இருந்த அக்கறையை வேறு எதிலும் காட்டவில்லை என்று என் மனைவி ஜெமீலா சொல்லுவாள். அவள் பொய் சொல்லுகிறவள் இல்லை.

எங்கள் ஊரில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பது. ஆறு வருஷமாக மாமியின் வீட்டில்தான் நான் தின்று உறங்குகிறேன். அந்த ஆறு வருஷத்தில் மாமி என் முகம் பார்த்து ஒரு சொல் கதைத்ததில்லை. மார்க்கத்தில் அதற்கு ஒரு தடையும் கிடையாது, மாமி தாய்க்குச் சமம். ஊர் வழக்கம்தான் அப்படி. நான் விறாந்தையில் இருந்தால் அவ கதவுக்குப் பின்னால். "மகள், மருமகனுக்கு இன்னும் ரெண்டு அகப்பை சோறு போடு" என்று கதவு கதைக்கும். "போதும் எண்டு சொல்லுங்க" என்று நான் கதவுக்குச் சொல்லுவேன். நடுவில் ஜெமீலா தபால்காரி.

மாமா மவுத்தாகி, அடக்கம் பண்ணி வருஷக்கணக்கு. சவூதியில் இருந்த மச்சான், மாமியின் மகன், அனுப்பிய காசில் மாமிக்கும் அவவுடைய தம்பிக்கும் ஹஜ் பயணம் சரிவந்தது. மாமிக்கு அறுபது வயது. பஸ்ஸில் போனால் இறங்கி ஒழுங்கைக்கு ஒழுங்கை, சந்துசந்தாக நடக்க வேண்டிவரும். "நீங்கதான் உம்மாவக் கூட்டிப் போகணும்" என்றாள் ஜெமீலா. நான் உடனே "ஓம்" என்றேன். பொத்துவில் கடைக்காரர் ஒருவருக்கு ஒரு பெரிய மூட்டை சாரம் கொடுக்க வேண்டியிருந்தது. மாமியோடு சாரமும் போய்ச் சேருமே என்ற கணக்கில் வந்த ஓம் அது.

புறப்படுகிற காலையில் மூட்டையை எங்கே வைப்பது என்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பின்னால் உள்ள இரும்புக் கரியரில் கட்டினால் ஓரம் தேய்ந்து சாரத்தில் கறை பிடிக்கும். ஒரு தடவை அப்படிப் பிடித்துக் கடைக்காரர் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஆகவே ஆள் இருக்கிற சீற்றின் நடுவில் வைத்துக் கட்டினேன். முன்னால் நான், நடுவில் மூட்டை, பின்னால் கரியரில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு மாமி. "மாமிக்கும் எனக்கும் நடுவுல ஒரு மறைப்பு வேணுந்தானே, அதுதான் மரியாதை" என்று ஜெமீலாவிடம் சொன்னேன். அவள் கண் கலங்கிப்போய், "உங்களப் போல ஒரு மருமகன் உம்மாக்குக் கிடைக்காது" என்றாள். நான் அதையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மாமியோடு கதைக்க முடியாதே, வழியில் நிறுத்த வேண்டுமென்றால்? அதற்கும் நானே வழி கண்டுபிடித்தேன். "நிக்கணுமெண்டா மூட்டையில தட்டச் சொல்லுங்க" என்றேன். ஜெமீலா உள்ளே போய்ச் சொன்னாள். மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து, இடது பக்கமாக இரண்டு காலையும் போட்டு ஏறி, மூட்டையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டா.

முதல் நாள் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் ஐந்தாறு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரே காட்சி. மாமி உள்ளே போவா, பெண்களின் அழுகை கேட்கும், "பொறுத்தன் ராத்தா, பொறுத்தன்" என்று தங்கச்சி முறையானவர்களின் குரல் கேட்கும், பிறகு சிரிப்பும் கேட்கும். எனக்கு விறாந்தையில் தேத்தண்ணியும் பனங்கட்டியும். வீட்டுக்கு வீடு தேத்தண்ணி குடித்து வயிறு குளமாகிவிட்டது.

ஒரு வீட்டிலும் எங்களை வெறுங்கையோடு விடவில்லை. அந்தக் காலத்தில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் அங்கே சமைத்துச் சாப்பிட அரிசிமா, தூள், கருவாடு எல்லாம் இங்கிருந்தே கொண்டுபோவார்கள். ஒருத்தி வறுத்த மா தந்தாள், ஒருத்தி மாசிச் சம்பல், இன்னொருத்தி எலுமிச்சங்காய் ஊறுகாய். எல்லாவற்றையும் ஒரு உரப்பையில் போட்டு வண்டியின் இடது பக்கத்தில் தொங்கவிட்டுக் கட்டினேன். பை வீட்டுக்கு வீடு கொழுத்தது. பின்னால் இருக்கிறவர் கால் வைக்கிற மிதி அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது என்பது என் புத்தியில் படவில்லை. கருவாட்டு மணம் சாரத்தில் ஏறிவிடுமோ என்பதுதான் என் கவலை.

காரைதீவைத் தாண்டும்போது றப்பர் கருகுகிற வாசம் வந்தது. நிறுத்தி டயரைப் பார்த்தேன், பிரேக்கைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. "வித்தவன் ஏமாத்திட்டான்" என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். மாமி இறங்கி நின்று, செருப்பை மண்ணில் தேய்த்துக்கொண்டிருந்தா. மறுபடி ஏறினோம்.

நிந்தவூரில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினேன். நான் உள்ளே நீட்டுப் பலகை வாங்கில், மாமி வெளியே மரத்தடியில். இடையில் ஜெமீலா இல்லை. மாமிக்கு ஏதோ சொல்ல வேண்டியிருந்தது போல. தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்த கடைக்காரரைப் பிடித்துக்கொண்டா.

"மனே, உள்ளுக்கு இரிக்கிற மருமகனுக்கிட்டச் சொல்லுங்க, கொஞ்சம் மெதுவாப் போகட்டாமெண்டு."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் அங்கிருந்து ஏழெட்டு முழத்தில்தான் இருக்கிறேன், மாமி சொன்னது எனக்கே கேட்டது. என்றாலும் மனுசன் நடந்து வந்து, என்னை அண்ணன் முறை வைத்து, "காக்கா, மெதுவாப் போகட்டாம்" என்றார்.

"ஓமெண்டு சொல்லுங்க" என்றேன் நான்.

அவர் திரும்பி நடந்துபோய், "உம்மா, ஓமாம்" என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் மெதுவாகப் போக வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை. வயதானவர்களுக்கு வேகம் என்றால் பயம் என்று நானே விடையும் சொல்லிக்கொண்டேன்.

அன்று நிந்தவூரில் மாமியின் ஒன்றுவிட்ட தங்கச்சி வீட்டில் தங்கினோம். நெய்ச்சோறும், குழம்பும் துண்டுமாய்க் கோழி ஆணமும். எங்கள் ஊர்ச் சமையலைவிட உறைப்புக் கூட, ஆனால் கை நிற்கவில்லை. நான் கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருக்கும்போது, உள்ளே மாமி கொஞ்சம் தேங்காயெண்ணெய் கேட்டது காதில் விழுந்தது. தலைக்காக்கும் என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் அக்கரைப்பற்று. அங்கே எருமைத் தயிர் சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. எங்கள் பக்கத்துத் தயிரைப் பற்றி இனி வாய் திறக்கக் கூடாது என்று இரண்டாவது கோப்பையிலேயே முடிவெடுத்தேன். மாமி அங்கே நான்கு வீடு ஏறி இறங்கினா. நடை நேற்றைவிட மெதுவாகிவிட்டது. எனக்கோ கடை பூட்டமுன் பொத்துவிலுக்குப் போய்விட வேண்டும். வாசலில் நின்று ஹோர்னை அடித்தேன். ஆம், மாப்புக் கேட்டு அழுதுகொண்டிருந்த வீட்டு வாசலில் நின்று ஹோர்ன் அடித்தேன்.

தம்பிலுவிலில் பின் டயர் காற்றுப் போனது. வீட்டோடு சேர்த்துச் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்த சித்திரவேல் என்பவர் எங்களைக் கண்டு எழும்பி வந்தார். மாமியை அவருடைய மனைவி பூமணி உள்ளே கூட்டிக்கொண்டு போனா. சித்திரவேல் டயரைப் பார்க்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மூட்டையையும் கரியரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, இதில ஆர் எங்க இருந்து வந்த?"

சொன்னேன்.

"சாரம் சீற்றில. ஆள் கரியரில." ஒரு விரலால் கரியரின் இரும்புக் கம்பியைத் தட்டினார். "சாரம் உமக்கு மாமியா, அந்த உம்மா மாமியா?"

அது மரியாதைக்காக வைத்த மறைப்பு, எங்கள் ஊர் வழக்கம் என்று நீட்டி முழக்க ஆரம்பித்தேன். அதற்குள் உள்ளேயிருந்து பூமணியின் குரல் வந்தது. "ஐயோ, இஞ்ச வந்து பாருங்க! பால் கொதிச்ச சட்டியில வெச்ச கால் போலக் கிடக்கு!"

கிணற்றடியில் மாமி ஒரு கல்லில் இருந்தா. என்னைக் கண்டதும் சேலையை இழுத்துக் காலை மூடப் பார்த்தா. பூமணி விடவில்லை. இடது காலில், குதிகாலுக்கு மேலே, உள்ளங்கையளவு தோல் உரிந்து சிவந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் நேற்றைய கொப்புளம் உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. கழற்றி வைத்த செருப்பின் றப்பர் ஒரு பக்கம் உருகி வளைந்திருந்தது. நேற்று நான் மோப்பம் பிடித்த வாசம் அதுதான். மிதியை என் உரப்பை அடைத்துக்கொண்டதால், அவவுக்குக் கால் வைக்க மிஞ்சிய ஒரே இடம் கொதிக்கிற சைலன்சர்.

"ரெண்டு நாளா இந்தக் காலோடயா இருந்து வந்த? ஒரு சொல்லுச் சொல்லப்படாதா கா?" என்று பூமணி மாமியை ஏசினா.

மாமி நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னா. "நான் தட்டினன் மகள். கன தரம் தட்டினன். மருமகனுக்குக் கேக்கல்ல."

இருபது முப்பது சாரம் இறுக்கி மடித்துக் கட்டிய மூட்டை. அதில் ஒரு கிழவி விரலால் தட்டினால் முதுகுக்கு என்ன தெரியும்? அவ தட்டிய தட்டையெல்லாம் என் சாரம் குடித்துவிட்டது. தட்டச் சொல்லிக் கொடுத்தவனும் நான், நடுவில் மூட்டையை வைத்தவனும் நான்.

பூமணி கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, கத்தாளை மடலைக் கீறி அப்பினா. "உமக்குக் கண் எங்க தம்பி இருந்த?" என்று என்னைப் பார்த்துக் கேட்டா. அந்த வீட்டு வளவில் நின்ற கோழிகள் கூட என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

சித்திரவேல் டயரைச் சரிபண்ணிவிட்டு, நான் கேட்காமலே மற்ற வேலையைத் தொடங்கினார். மூட்டையை அவிழ்த்தார். இரண்டு தென்னம் பலகையைக் கரியரின் மேல் வைத்துக் கம்பியால் முறுக்கி, மூட்டையை அதில் நிமிர்த்திக் கட்டினார். மாமி சாய்ந்துகொள்ள அதுவே முதுகுத் தாங்கியாகிவிட்டது. உரப்பையை இரண்டாகப் பிரித்து, பாரமானதை எனக்கு முன்னால் பெற்றோல் டாங்கியில் ஏற்றினார். மற்றதை வலது பக்கம் உயர்த்திக் கட்டினார். பழைய மாவு டின்னின் தகரம் ஒன்றை வெட்டி வளைத்து, சைலன்சரில் ஒட்டாமல் அதற்கு மேலே மூடி போட்டார். மிதியில் ஒரு சாண் அகலப் பலகை, அதன் மேல் பழைய டயர்த் துண்டு. "இப்ப கால் பாயில கிடக்கிற மாதிரிக் கிடக்கும்" என்றார். எல்லாம் சேர்த்து ஒரு மணித்தியாலம் கூட ஆகவில்லை. மருதமுனையிலேயே நான் செய்திருக்கலாம். என்னிடமும் பலகை இருந்தது, கம்பி இருந்தது.

"திரும்பிக் கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போங்க. மூட்ட இஞ்ச கிடக்கட்டும், பிறகு வந்து எடுக்கலாம்" என்றார்.

நான் மூட்டையைப் பார்த்தேன். சித்திரவேல் அதைக் கண்டார். சாரம் கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல், "பொத்துவில்ல ஒரு வீடு மிச்சம் இருக்கு. மாமிக்கு அது ஹஜ் கடமை" என்றேன்.

மாமி பூமணியிடம் மெதுவாகச் சொன்னா. "ஓம் மகள். அதையும் முடிச்சிட்டாக் காரியம் முடிஞ்சிடும்."

அவவே சொல்லிவிட்டா என்று எத்தனையோ தரம் என்னை நானே தேற்றிப் பார்த்திருக்கிறேன். அவ வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் வண்டியைத் திருப்பியிருப்பேனா? எனக்குத் தெரியாது. திருப்பியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

தம்பிலுவிலிலிருந்து பொத்துவில் வரை மாமி எனக்கு நேர் பின்னால் இருந்தா. வயலும் மணலும் காற்றுமான பாதை. கோமாரிக்குக் கிட்ட என் தோளில் ஒரு தட்டு விழுந்தது. சேலைத் தலைப்பால் விரலைச் சுற்றிக்கொண்டு தட்டியிருக்கிறா. இலை விழுந்த மாதிரி அவ்வளவு மெல்லிய தட்டு. உடனே நிறுத்தினேன். காலை நீட்டிக் கொஞ்ச நேரம் நின்றா, பிறகு ஏறினா. பொத்துவிலுக்குப் போக முன்னம் நான்கு தரம் தட்டினா, நான்கு தரமும் நிறுத்தினேன். அப்படியென்றால் நேற்று எத்தனை தரம் தட்டியிருப்பா என்று எண்ணிக்கொண்டே ஓட்டினேன்.

பொத்துவிலில் முதலில் எங்கே போனேன் தெரியுமா? கடைக்கு. கடை பூட்டுகிற நேரம் என்று எனக்கு நானே சாட்டுச் சொன்னேன். சாரத்தில் ஒரு கறையும் இல்லை. கடைக்காரர் விரித்துப் பார்த்து, "பூப்போலக் கொண்டந்திரிக்கிங்க" என்று புகழ்ந்தார். மாமி வெளியே வண்டியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றா.

அந்த மிச்ச வீட்டில் மாமி மாப்புக் கேட்டு, இரவு அங்கேயே தங்கி, மூன்றாம் நாள் நேரே கல்முனை ஆஸ்பத்திரி. மருந்து கட்டினார்கள். புழுதி பட்டுவிட்டது, இரண்டு நாள் பிந்திவிட்டது, காயம் ஆற நாள் எடுக்கும் என்றார்கள். பயணத்துக்கு எட்டு நாள்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மாமி ஜெமீலாவிடம் என்ன சொன்னா என்று எனக்குத் தெரியாது. ஜெமீலா என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

புறப்படுகிற அன்று வாசலில் வேன் நின்றது. வீடு நிறையச் சனம். மாமி நொண்டி நொண்டி ஒவ்வொருவரிடமும் மாப்புக் கேட்டா. கடைசியில் கதவைத் தாண்டி விறாந்தைக்கு வந்தா. ஆறு வருஷத்தில் முதல் தரம், ஜெமீலா நடுவில் இல்லாமல், என்னைப் பார்த்துக் கதைத்தா.

"மருமகன், அண்டைக்கு வழியில ரெண்டு தரம் மனசால உங்கள ஏசிட்டன். பொறுத்துக்கங்க."

நான் காலில் விழுந்து, மாமி, நீங்கதான் என்னைப் பொறுக்க வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சுற்றி நின்ற சனத்தைப் பார்த்தேன். என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா?

"பொறுத்தன்."

நான் பொறுத்தேனாம்! வேன் புறப்பட்டுப் போனது. அவ திரும்பி வரும் வரைக்கும் மோட்டார் சைக்கிளில் யாரையும் பின்னால் ஏற்றவில்லை.

மாமி ஹஜ்ஜியானியாகத் திரும்பி வந்தா. பார்க்க வந்த பெண்கள் சுற்றியிருக்க, அங்கே கண்டதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தா. கஃபாவைச் சுற்றி வருகிற தவாபை அவ நடந்து செய்யவில்லையாம். கால் வீங்கிவிட்டது, கூலிக்காரர்கள் மரக் கட்டிலில் வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்களாம். "ராணி போலப் போன நான்" என்று சிரித்தா. வாழ்நாளெல்லாம் அந்த இடத்தில் ஏழு தரம் நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட மனுசி அவ. அதற்காகவே வருஷக்கணக்காக விடியற்காலையில் வளவைச் சுற்றி நடந்து பழகியவ என்று ஜெமீலா சொல்லியிருக்கிறாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் நின்றது நான்.

"கால் என்ன நடந்த ராத்தா?" என்று ஒருத்தி கேட்டா.

"அடுப்படியில சுட்டுட்டு கா. பார்க்காம வெச்சிட்டன்" என்றா மாமி.

மக்கத்திலிருந்து வந்து மூன்று நாள் ஆகவில்லை. எனக்காகப் பொய் சொல்லுகிறா. என் கால் தானாக நடந்தது. பெண்கள் முக்காட்டை இழுக்க இழுக்க நான் நடுவில் போய் நின்றேன்.

"அடுப்பில்ல. என்ட மோட்டார் சைக்கிள்ல சுட்டது" என்றேன்.

மாமி என்னைப் பார்க்கவில்லை. பழையபடி நடுவில் ஆள் வேண்டும் என்பது போல ஜெமீலாவின் பக்கம் திரும்பினா.

"மகள், சொல்றதெண்டா முழுக்கச் சொல்லச் சொல்லு."

நான் அந்த இடத்திலேயே நிலத்தில் குந்தினேன். மூட்டையை எங்கே வைப்பது என்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்த அந்தக் காலையிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.